மருந்துப் புட்டியை எடுக்குமுன்

தில்லியில் பனிமூட்டம் விலகி, மொட்டைமாடியில் காலை வெயில் இதமாய் விழத் தொடங்கும் பிப்ரவரி நடுவில், உங்கள் தொட்டிச் செடிகளைச் சற்றுக் குனிந்து பார்த்ததுண்டா? ஊரில் கொல்லை நிறைய வாழையும் முருங்கையும் வைத்திருந்தவர்கள் நாம். பிழைக்க வந்த இடத்தில் நான்கு தொட்டிக் கொத்தமல்லியும் கடுகுமாய் மனதைத் தேற்றிக்கொள்கிறோம். அதனால்தான் கடுகின் பூங்கொத்திலோ ரோஜா மொட்டிலோ அசுவினி எனப்படும் செடிப்பேன் மொய்க்கக் கண்டால் நமக்குப் பதற்றம் உண்டாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் பதறினேன். கடுகுத் தண்டில் செடிப்பேன்களின் நடுவே, கறுத்த உடலும் செம்மஞ்சள் புள்ளிகளும் ஆறு கால்களுமாய், முதலைக் குட்டியைச் சுருக்கி வைத்ததுபோன்ற சில புழுக்கள் ஊர்ந்தன. செடியைக் கெடுப்பவை இவைதாம் என்று தீர்மானித்து, கடையில் வாங்கிய மருந்தைத் தெளித்துவிட்டேன். மறுநாள் யாவும் மடிந்து கிடந்தன. பக்கத்துத் தொட்டியிலும் மருந்து பட்டதால், சட்டினிக்கென்று வைத்திருந்த கொத்தமல்லி முழுவதையும் என் மனைவி பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்திற்குள் செடிப்பேன் முன்னிலும் அதிகமாய்த் திரும்பிற்று. அந்தப் புழுக்களோ திரும்பவில்லை. வேளாண்மை படித்த வாலிபர் ஒருவர் வீட்டிற்கு வந்தபோது விவரத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். “பாஸ்டர், நீங்கள் கொன்றது பொறிவண்டின் பிள்ளைகளை அல்லவா?”

சிவந்த முதுகில் 7 கறுப்புப் புள்ளிகள் கொண்ட அழகிய பொறிவண்டை நாம் எல்லாரும் அறிவோம். அதன் இளம்பருவம் இத்தனை அவலட்சணமாய் இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வண்டும் அதன் புழுவும் ஒரே ஆகாரத்தையே, அதாவது செடிப்பேனையே தின்கின்றன.

மருந்துக்குப் பின் செடிப்பேன் மட்டும் திரும்பியதன் காரணம் எளிது. இந்தப் பருவத்தில் பெண் செடிப்பேன் ஆணின்றியே குட்டி போடும். அந்தக் குட்டிகள் ஒரு வாரம் பத்து நாட்களில் தாமும் குட்டி போடத் தொடங்கும். பொறிவண்டோ முட்டை, புழு, கூட்டுப்புழு என்று ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்கள் ஆகும். இரண்டையும் ஒன்றாய்க் கொன்றால், விரைந்து பெருகுவதே முதலில் திரும்பும். பொறுத்திருந்தால் பின்வருவது முன்னதைப் பிடித்துவிடும்.

ஆகவே முதலில் பாருங்கள். இலையின் அடியில் மஞ்சள் நிறத்தில் நெல்மணிகளை நிமிர்த்தி வைத்ததுபோல் கூட்டமாய் நிற்பவை பொறிவண்டின் முட்டைகள். மெல்லிய நூலின் நுனியில் தனித்து நிற்கும் சிறு முட்டை, கண்ணாடிபோன்ற சிறகுடைய பச்சைப் பூச்சியினுடையது. அதன் புழுவும் செடிப்பேனைத் தின்னும். கொத்தமல்லிப் பூவின்மேல் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறதே, தேனீயைப்போல் கோடுகளுள்ள ஓர் ஈ, அது கொட்டாது. அது செடிப்பேன் கூட்டத்தில் முட்டையிடும். பிறக்கும் காலில்லாப் புழு அங்கேயே வயிறு நிரப்பும். சில செடிப்பேன்கள் ஊதி, காகிதம்போல் பழுப்பாகி, அசைவற்று ஒட்டியிருக்கும். அவற்றைத் துடைத்தெறிய வேண்டாம். உள்ளே கடுகைவிடச் சிறிய குளவி ஒன்று வளர்கிறது. முதுகில் வட்டத் துளை தெரிந்தால் அது வெளியேறிவிட்டது என்று அறியலாம்.

இத்தனை சிறிய குளவியால் ஆகும் காரியமா என்று கேட்பீர்கள். 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, தமிழ்நாட்டின் பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களை வெள்ளையாய் மூடிற்று. மருந்துக்கு அடங்கவில்லை. 2010இல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட ஏற்பாடு செய்தது. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்ற இனமே பெரும்பங்கு வேலையைச் செய்து மாவுப்பூச்சியை அடக்கிற்று.

ஆனாலும் புள்ளியுள்ள வண்டெல்லாம் நண்பனல்ல. கத்தரி இலையைச் சல்லடையாக்கும் வண்டு பொறிவண்டின் இனமே. ஆனால் அது பளபளப்பின்றி, மெல்லிய ரோமம் மூடி, பெரும்பாலும் 28 புள்ளிகளோடிருக்கும். அதைத் தயங்காமல் கையால் பொறுக்கிவிடலாம். எறும்புகளையும் கவனியுங்கள். செடிப்பேன் சுரக்கும் இனிப்புக்காக அவை காவல் நின்று பொறிவண்டைத் துரத்தும். தொட்டியை நீர் நிறைந்த தட்டின் நடுவே ஒரு கல்லின்மேல் வைத்தால் எறும்பு ஏறாது.

கூட்டம் மிகுந்தால், தின்னும் புழுக்கள் இல்லாத கிளைகளை மட்டும் விரலால் தடவி நீரால் கழுவுங்கள். சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும்கூட இளம்புழுக்களின்மேல் பட்டால் கேடுதான். கொத்தமல்லியில் இரண்டு செடிகளைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். மார்ச் கடைசியில் வெயில் ஏறியதும் கடுகு காய்ந்துவிடும். செடிப்பேனும் அதைத் தேடி வந்தவையும் மறைந்துவிடும். பார்க்க விரும்பினால் இந்த ஐந்தாறு வாரங்களே உண்டு. பிள்ளைகளையும் மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். நூல்முனை முட்டை அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் அகப்படும்.