உள்வகுப்பும் காட்சியெல்லையும்

‘பொது’ என்று குறிக்கப்பட்ட ஒன்றை நோக்கி, ‘இது பொதுவா?’ என வினவும்போது ‘அன்று’ என்னும் விடை வருமாயின், அதனைப் பிழையென்றே எவரும் கருதுவர். ஆயினும், சி ஷார்ப் என்னும் கணினிமொழியில் அவ்விடை வருவதுண்டு. ஆண்டுப் பிழை விடையிலன்று, வினாவிலேயே உள்ளது.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில், தரவுகளையும் அவற்றுக்குரிய செயல்களையும் ஒருங்கே வரையறுக்கும் அமைப்பு வகுப்பு எனப்படும். ஒரு வகுப்பினுள் அமைந்த மற்றொரு வகுப்பு உள்வகுப்பாகும். நிரல் இயங்கும்பொழுதே வகுப்புகளின் இயல்பை வினவியறியும் முறைக்கு ‘ரிஃப்ளெக்‌ஷன்’ என்று பெயர்.

பள்ளிக்கென எழுதிய நிரலொன்றில் ‘பதிவேடு’ என்னும் வகுப்பும், அதனுள் பொதுக்குறி பெற்ற ‘மதிப்பெண்’ என்னும் உள்வகுப்பும் இருப்பதாகக் கொள்வோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட டாட்நெட் அமைப்பில், ‘இஸ்பப்ளிக்’ என்னும் பண்பு மதிப்பெண்ணுக்கு ‘அன்று’ என விடை தரும். ‘இஸ்நாட்பப்ளிக்’ என்று மாற்றிக் கேட்பினும் விடை ‘அன்று’ என்பதே!

இம்முரணுக்குக் காரணம் யாது? அவ்வமைப்பில் வகுப்புகளின் காட்சியெல்லை 0 முதல் 7 வரையுள்ள எண்களால் குறிக்கப்பெறும். 0, 1 ஆகிய இரண்டும் தனித்து நிற்கும் வகுப்புகளுக்கு உரியவை. 2 முதல் 7 வரை உள்வகுப்புகளுக்கு உரியவை. பொது உள்வகுப்பின் எண் 2. மேற்கூறிய இரு பண்புகளும் முறையே 1, 0 என்பவற்றையே தேடுகின்றன. ஆகவே, ‘இஸ்நெஸ்டட்பப்ளிக்’ என்று வினவுவதே முறை.

அஃதும் முழு விடையாகாது. உள்ளறை திறந்திருந்தும் தலைவாயில் பூட்டியிருப்பின் விருந்தினர் உட்புக இயலுமோ? பதிவேடு தன் தொகுப்புக்குள் மட்டும் புலப்படுவதாயின், மதிப்பெண் பொதுக்குறி பெற்றிருந்தும் பிற தொகுப்பின் நிரலுக்கு எட்டாது. இவ்வாறு புறவகுப்பு ஒவ்வொன்றையும் ஆராய்ந்து விடை கூறும் ‘இஸ்விசிபிள்’ என்னும் பண்பு, 2005ஆம் ஆண்டில் வந்த 2.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

பிறர் பயன்படுத்தத்தக்க வகுப்புகளைத் தொகுத்துப் பட்டியலிடும் கருவிக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. முதல் வினாவை மட்டும் கேட்டால் பயன்படுவது விடுபடும். இரண்டாவதோடு நின்றால் எட்டாதது பட்டியலேறும். உள்வகுப்பின் குறி அதன் தன்மையை மட்டுமே கூறும். பிறர் அதனை அடையக்கூடுமா என்பதை அதனைச் சூழ்ந்தவற்றையும் வினவியே தெளிதல் வேண்டும்.