ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பு

பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். மூன்று கார் ஃபியூஸ்கள். மூன்றும் சிவப்பு, 10 ஆம்பியர், மூன்றும் போனவை. "பிரேக்கை மிதிச்ச உடனே போயிடுது அண்ணே. 20 ஆம்பியர் மஞ்சள் போட்டா நிக்கும்னு கடையில சொல்றாங்க. போடலாமா?"

"வேண்டாம் டீச்சர். உட்காருங்க, டீ வரட்டும்" என்றேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, வயரை. இந்த வயர் இவ்வளவு மின்சாரத்தைத்தான் சூடேறாமல் தாங்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் அந்த அளவைப் போட்டிருக்கிறார்கள். மின்சாரம் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். 10 இருந்த இடத்தில் 20 போட்டால், ஃபியூஸ் போவதற்கு முன்பே வயரின் மேலுறை உருகலாம். அந்த வயரோ கம்பளத்துக்கு அடியிலும் சீட்டுக்குப் பின்னாலும் ஓடுகிறது. பஞ்சும் துணியும் நிறைந்த இடம்; தீப்பிடிக்க அதுவே போதும். ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது இதைவிட ஆபத்து.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. பின்னால் இருக்கும் இரண்டு பிரேக் பல்புகளும் 21 வாட். மொத்தம் 42 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். பின்கண்ணாடி அருகே மூன்றாவது விளக்கு இருந்தாலும் 10 ஆம்பியர் தாராளமாகப் போதும். அப்படியிருந்தும் ஃபியூஸ் போகிறதென்றால், மின்சாரம் பல்புக்குப் போகாமல் குறுக்குவழியில் ஓடுகிறது.

வீட்டில் மின்சாரம் வர ஒரு வயர், திரும்ப ஒரு வயர். காரில் பெரும்பாலும் வருவதற்கு மட்டும்தான் வயர்; திரும்பும் வழி வண்டியின் இரும்பு பாடிதான். பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு இணைந்திருக்கிறது. ஆகவே பாசிட்டிவ் வயரின் தோல் எங்காவது உரிந்து பாடியைத் தொட்டால், நடுவில் தடுக்க எதுவுமில்லை. ஸ்டார்ட்டரையே சுழற்றும் பேட்டரி, தன் பலத்தையெல்லாம் அந்த மெல்லிய வயரில் கொட்டிவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் ஃபியூஸ் போகும். இதைத்தான் ஷார்ட் என்கிறோம்.

ஃபியூஸ் எப்போது போகிறது என்பதைக் கவனியுங்கள். மாட்டியதுமே போனால், பழுது ஸ்விட்சுக்கு முன்னால். ஸ்விட்சைப் போட்ட பிறகு போனால், ஸ்விட்சுக்குப் பின்னால். டீச்சர் பிரேக்கை மிதிக்கும்போதுதான் போகிறது. ஆக, மிதியின் மேலிருக்கும் ஸ்விட்சிலிருந்து பின்விளக்கு வரைக்கும் மட்டும் தேடினால் போதும். பாதி வேலை வாய்வார்த்தையிலேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு ஒரு பல்பு வேண்டும். 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, அதன் இரண்டு வயர்களையும் ஃபியூஸ் இருந்த இரண்டு துளைகளில் பொருத்துங்கள். ஷார்ட் இருந்தாலும் இந்தப் பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது. வயர் சூடாகாது, ஃபியூஸும் வீணாகாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிதானமாகத் தேடலாம்.

அப்படிப் பொருத்திவிட்டு, டீச்சர் வண்டியின் பிரேக் பல்புகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். மிதிக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தோம். பல்புகள் இல்லாத சுற்றில் மின்சாரத்துக்கு வழியே கிடையாது. சோதனைப் பல்பு அணைந்திருக்க வேண்டும். முழு வெளிச்சத்தில் எரிந்தது. ஷார்ட் உறுதி. பிரேக் பல்புகளைக் கழற்றியதுமே அது அணைந்திருந்தால், அந்தப் பல்புகளில்தான் கோளாறு என்று அங்கேயே முடித்திருக்கலாம்.

இனி, சுற்றைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். இடப்பக்க விளக்கின் கனெக்டரைக் கழற்றினோம், எரிந்தது. வலப்பக்கம் கழற்றினோம், எரிந்தது. டிக்கிக் கதவுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றியதும் அணைந்தது. திரும்ப மாட்டி, கதவை மெல்ல ஏற்றி இறக்கியபோது பல்பு மினுக்கியது. கீல் பக்கத்து ரப்பர் குழாயை விலக்கினால், உள்ளே ஒரு வயரின் தோல் வெடித்து, செம்பு பச்சை பூத்துத் தெரிந்தது. பல வருடங்கள் கதவு மடங்கி மடங்கி வந்த வினை.

வயர் எங்கே மடங்குகிறதோ, எங்கே உரசுகிறதோ, எங்கே சூடுபடுகிறதோ, அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்: கதவுக் கீல், சீட்டின் தண்டவாளம், சைலன்சர் குழாய் பக்கம், வண்டி வாங்கிய பிறகு மாட்டிய ஸ்டீரியோ, ஹாரன். எலி கடித்த இடமும் இருக்கலாம்.

சரிசெய்யும்போது அவசரம் கூடாது. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்; அதைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. பச்சை பூத்த பகுதியை வெட்டியெறிந்து, அதே தடிமனில் கொஞ்சம் நீளமான வயரைச் சேர்த்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவை மேலே ஏற்றினோம். வெறும் டேப் வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும். இணைப்பு மடங்கும் இடத்தில் வரக்கூடாது; அங்கே திரும்ப முறியும்.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கானவையாக இருக்கலாம். அவற்றில் பல்பை வைத்துச் சோதிக்கவே கூடாது. விளக்குகளைக் கம்ப்யூட்டர் இயக்கும் புது வண்டிகளுக்கும் இந்த முறை வேண்டாம். தெரிந்த பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

பேட்டரியை மாட்டினோம். சோதனைப் பல்பு எரியவில்லை. பிரேக் பல்புகளைப் போட்ட பிறகு, முன்பைவிட மங்கலாக எரிந்தது. இது நேர்வழி மின்சாரம். பிறகுதான் பல்பை எடுத்துவிட்டு நான்காவது ஃபியூஸைப் போட்டோம். அதே சிவப்பு, அதே 10. டீச்சர் மிதித்தார். வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு, சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுவது தெரிந்தது. அவர் பத்து முறை மிதித்தார். பத்து முறையும் விழுந்தது.