அம்மா ஊற்றிய தண்ணீர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சண்டை நடந்தது. மாமியார் மருமகள் சண்டை அல்ல, கதைச் சண்டை!

மாதம் ஒரு முறை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். சேலையூரிலிருந்து ஒரு ரிடையர்டு டீச்சர் வருவார். குரோம்பேட்டையிலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு மின்சார ரயிலில் வந்து இறங்குவாள். யார் முறையோ அவர் புத்தகம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் படித்துவிட்டு வரவேண்டும். காப்பியும் சுண்டலும் வீட்டுக்காரி பொறுப்பு.

இந்தத் தடவை என் முறை. ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையையும் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலையும் சேர்த்தே படிக்கச் சொல்லியிருந்தேன். ஒன்றை விட்டு ஒன்றைப் படித்தால் பாதி ருசிதான்.

சிறுகதை 1966இல் 'ஆனந்த விகட'னில் வந்தது. மழை நாள் சாயங்காலம். பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண்ணை, காரில் வந்த ஒருவன் வீட்டில் விடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொள்கிறான். நடக்கக்கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மா பதறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு விசாரிக்கிறவர்களிடம், மழையில் நனைந்துகொண்டு வந்ததற்காகக் கோபித்துக்கொண்டேன் என்று மழுப்பிவிடுகிறாள். பிறகு மகளைக் குளிக்கும் இடத்துக்கு அழைத்துப்போய்த் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தத் தண்ணீருக்குத் தமிழ்நாடே இரண்டுபட்டது. பாராட்டியும் திட்டியும் கடிதங்கள் குவிந்தன. முடிவை மாற்றி வேறு சிலர் கதைகூட எழுதினார்கள். ஜெயகாந்தன் சும்மா இருப்பாரா? 'அந்த அம்மா அப்படிச் செய்யாமல், ஊர் கூட்டி அழுதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று யோசித்து, 'தினமணி கதி'ரில் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் தொடராகவே எழுதிவிட்டார். அதுதான் 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாக வந்து, 1972இல் சாகித்ய அகாதமி பரிசும் வாங்கியது. 1977இல் பீம்சிங் படமாக எடுத்தார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

என் அம்மா அந்தக் 'கதிர்' பக்கங்களை வாராவாரம் கிழித்தெடுத்து, மைதாப் பசை தடவி, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்கு இரவல் போய்த் திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு மூலை குறைந்திருக்கும்!

சரி, சண்டைக்கு வருகிறேன்.

முதலில் ஆரம்பித்தவள் குரோம்பேட்டைக்காரி. "ஆன்ட்டி, இதுல சஸ்பென்ஸே இல்லையே? என்ன நடந்ததுன்னு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்குப் பக்கத்தைத் திருப்பறது?"

"நீ திருப்பினியா இல்லையா, அதைச் சொல்லு" என்றார் டீச்சர்.

"திருப்பினேன்..."

"ஏன்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா என்ன சொல்லப்போறான்னு தெரியணுமே."

அதுதான் விஷயம். துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்பதற்காக நகத்தைக் கடிக்கிறோம். குடும்பக் கதையில் எல்லோரையும் நமக்குத் தெரியும், நடந்ததும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: வாசற்கதவைத் திறந்தவள் வாயிலிருந்து முதலில் என்ன வரும்? கார்க் கதவு சாத்தப்பட்டபோது எனக்கு அவ்வளவு படபடப்பு இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் விசாரிக்கிறார்கள் பாருங்கள், அந்த இடத்தில் மூச்சு நின்றே போனது. அந்த ஒரு பதிலில் ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையும் ஊசலாடுகிறது. அந்தப் பதில் தப்பினால் என்ன ஆகும் என்பதுதான் பின்னால் வந்த நாவல் முழுக்க. அண்ணன் வீட்டை விட்டே துரத்துகிறான். தஞ்சாவூர் மாமா படிக்க வைக்கிறார், ஆனால் அந்த மாமாவின் பார்வையும் சரியில்லை. கங்கா படித்து உத்தியோகம் பார்த்தும் அந்த ஒரு சாயங்காலம் அவளை விடுவதாயில்லை.

அடுத்த சண்டை நாவலின் முடிவைப் பற்றி. பல வருஷம் கழித்து அந்தப் பிரபுவைக் கங்கா தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனுக்கு மனைவி இருக்கிறாள், வளர்ந்த மகள் இருக்கிறாள். இருவருக்கும் ஒரு சிநேகம் ஏற்படுகிறது. படிக்கிற நமக்கு ஆசை, எப்படியாவது இவள் வாழ்க்கை ஒரு கரை சேராதா என்று. அவனும் விலகிப் போய்விடுகிறான். இவள் குடியில் விழுகிறாள்.

"அத்தனை பக்கம் படிச்சவளுக்கு இதுதான் பலனா? எனக்கு அழுகைகூட வரலை, ஆத்திரம்தான் வந்தது" என்றாள் எதிர் வீட்டுப் பெண்.

டீச்சர் விடவில்லை. "சேர்த்து வைக்கணும்கிறியா? கெடுத்தவனையே கட்டி வெச்சா சுபமா? அந்தக் காலத்துப் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரின்னா இருக்கும்!"

நான் டீச்சர் கட்சி. ஆனால் குடியில் கொண்டுபோய் விட்டதை நானும் இன்றுவரை மன்னிக்கவில்லை. மனசு நிறையாததற்காகச் சொல்லவில்லை. அதுவரை தன் காலில் நின்று யோசித்துப் பேசிய கங்கா அப்படிச் சரிவதற்கு நாவல் போதிய காரணம் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

இதற்குள் சுண்டல் தீர்ந்துவிட்டது. அதுவரை பேசாமல் இருந்த ஒருவர் வாயைத் திறந்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கதையில அந்தத் தண்ணி எனக்கும் பிடிச்சுது. ஆனா இன்னிக்கு ஒரு அம்மா நிஜமா அப்படி ஊத்தினா, நான் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"குளிப்பாட்டக் கூடாதும்மா. துணியைத் துவைக்கக் கூடாது. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். சாட்சியம் எல்லாம் அந்த உடம்பிலயும் துணியிலயும்தான் இருக்கு."

இத்தனை வருஷமாக இந்தக் கதையைப் படிக்கிறேன். எனக்கு இது தோன்றவே இல்லை. அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். 2013க்குப் பிறகு சட்டப்படி எந்த ஆஸ்பத்திரியும், அரசாங்கமானாலும் தனியாரானாலும், உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். முடியாது என்று திருப்பி அனுப்பினால் அது குற்றம். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். கர்ப்பம் தரிக்காமல் இருக்கவும் மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெண்ணுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டம் வரும். சிறுவர்களுக்கான உதவி எண் 1098.

"அப்போ அந்த அம்மா செஞ்சது தப்பா?" என்றாள் குரோம்பேட்டைக்காரி, மடியில் தூங்கும் குழந்தையை இறுக்கிக்கொண்டு. பெண் குழந்தை.

"தண்ணிதான் இப்போ வேண்டாம்கிறேன். அவ சொன்ன வார்த்தை எந்தக் காலத்திலயும் வேணும். ஆனா காரை ஓட்டிட்டுப் போனான் பாரு, அந்தக் கதையில அவனை யாரும் ஒரு கேள்வி கேக்கலை."

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. மாடி வீட்டு மாமி மட்டும் காப்பி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர். கூட்டத்துக்கு வருவார், கேட்டுக்கொண்டிருப்பார், போய்விடுவார். அன்றைக்குப் பேசினார்.

"என் பெரிய பொண்ணு பத்தாங்கிளாஸ் படிக்கறச்சே ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு வந்தா. மழை. செருப்பு ஒண்ணைக் காணோம். வாசல்லயே வெச்சு ஒரு அறை விட்டேன். ஏன் லேட்டுன்னு கேக்கலை. அவளும் சொல்லலை. இத்தனை வருஷமாச்சு. ஒண்ணுமே இல்லாமகூட இருந்திருக்கலாம். ஆனா அன்னிலேருந்து அவ எங்கிட்ட எதையுமே சொன்னதில்லை. கல்யாணத்துக்கு அப்புறமும்தான். எல்லாம் அவ மாமியாரண்டைதான் சொல்லுவா."

டீச்சர் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். வேறென்ன செய்வது?

எல்லோரும் கிளம்பும்போது மணி ஆறு. மாமி மட்டும் மாடிப்படியில் நின்று, புத்தகம் வேண்டும் என்றார். நான் இரண்டையும் நீட்டினேன். நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது போதும்" என்று சிறுகதைத் தொகுதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பெரியவ வரா. அவளும் நிறையப் படிப்பா."