கீபோர்டில் புல்லாங்குழல் ஏன் காலிங் பெல் மாதிரி கேட்குது? புது மாடல் வாங்கும் முன் இதைப் படிங்க!

முதல் போனஸில் ஆசைப்பட்டு வாங்கிய கீபோர்டு. இடது கையில் கார்ட் பிடித்தால் போதும். டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானாகவே வாசிக்கும் ‘அரேஞ்சர்’ வகை. வலது கைக்குப் புல்லாங்குழல் டோனை வைத்து, பிடித்த பாட்டை வாசிக்கிறீங்க. நோட்ஸ் எல்லாம் கரெக்ட். ஆனால், வீட்டில் வரும் கமென்ட்: “நல்லாத்தான் இருக்கு... ஆனா காலிங் பெல் மாதிரி இருக்கே!”

அடுத்து நாம செய்வது என்ன? விலை கூடிய மாடலை ஆன்லைனில் தேடுவது. இஎம்ஐ போடும் முன் கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலும் குறை டோனில் இல்லை. எல்லா டோனையும் பியானோ போலவே வாசிக்கிறோம், அதுதான் சிக்கல்.

பழைய பிரச்னைதான்!

1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் அது தளர்ந்தது. ஆர்மோனியத்துக்கு எதிராகச் சொல்லப்பட்ட முக்கியமான வாதம், அதில் கமகம் வராது என்பது. கட்டையை அழுத்தினால் ஸ்வரம் நேராக நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகாது.

கீபோர்டுக்கும் அதே கட்டைகள்தான். ஆனால், இதில் ஸ்வரத்தை வளைக்க வழி இருக்கு. கர்னாடக இசைக் கச்சேரியையே கீபோர்டில் செய்யும் கே.சத்யநாராயணன் அதற்கு நல்ல உதாரணம்.

அழுத்தும் வேகம் முக்கியம்

கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துறீங்க என்பதை கீபோர்டு 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக அளக்கிறது. எண் கூடினால் சத்தம் கூடும்; பல டோன்களில் ஒலியின் தன்மையே மாறும். மெனுவில் ‘டச்’ செட்டிங் ஆஃப் ஆகியிருந்தால் எப்படித் தட்டினாலும் ஒரே எண்தான் போகும். முதலில் அதைப் பாருங்க. மென்மையாகத் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் ‘சாஃப்ட்’ வைத்தால் கை வலிக்காமல் முழு சத்தமும் கிடைக்கும்.

பியானோவில் தட்டிய நொடியிலேயே சத்தம் முடிவாகிவிடும். பிறகு அது தேய்ந்துகொண்டே போகும். புல்லாங்குழல், வயலின் அப்படியில்லை. ஒலி தொடங்கிய பிறகும் மூச்சாலும் வில்லாலும் கூட்டிக் குறைக்கலாம். அந்த வேலையைச் செய்வது எக்ஸ்பிரஷன் பெடல். சஸ்டெய்ன் பெடல் வெறும் சுவிட்ச். இது கார் ஆக்சிலரேட்டர் மாதிரி படிப்படியாக ஏறி இறங்கும். நீண்ட நோட்டை மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஏற்றி, முடிவில் இறக்கிப் பாருங்க. அதே டோனா என்று நீங்களே கேட்பீங்க. ஆனால், எல்லா கீபோர்டிலும் இந்தப் பெடலுக்கு இடம் இருக்காது. மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்க.

இடது கைக்கு எங்கே நேரம்?

நியாயமான கேள்வி. பிட்ச் பெண்ட் வீல் இடது பக்கம் இருக்கு. இடது கையோ கார்டில் பிஸி. ஆனால், அரேஞ்சரில் ஒரு வசதி உண்டு. ஸ்டைல் ஓடும்போது கார்டை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாலும், அடுத்த கார்ட் வரும்வரை பின்னணி அதே கார்டில் ஓடும். சில மாடல்களில் இதற்கு ‘மெமரி’ பட்டனை ஆன் செய்யணும். கார்டைத் தொட்டதும் கையை வீலுக்குக் கொண்டுபோகப் பழகுங்க.

வீலின் ரேஞ்சை 2 என்று வையுங்க. அதாவது இரண்டு அரைஸ்வரம். இப்போ வீலைக் கீழே முழுசா இழுத்துப் பிடித்துக்கொண்டு ‘டி’ நோட்டை அழுத்துங்க. காதில் விழுவது ‘சி’. வீலை மெதுவாக நடுவுக்கு விட்டால் ‘சி’யிலிருந்து ‘டி’க்கு வழுக்கி ஏறும். சட்டென்று விட்டால் ஸ்பிரிங் எகிறிவிடும், கவனம். எல்லா நோட்டுக்கும் இதைச் செய்தால் திகட்டும். ஒரு வரிக்கு ஓரிரு இடம் போதும்.

மாடுலேஷன் வீல் ஸ்வரத்துக்கு அசைவு தரும். அதையும் முதல் நொடியிலிருந்தே போடாதீங்க. நோட் நேராக நிற்கட்டும். பிறகு மெதுவாக ஏற்றுங்க.

வாத்தியக்காரர் மாதிரி யோசிங்க

புல்லாங்குழல் வாசிப்பவர் மூச்சு விடணும். நீங்களோ நிறுத்தாமல் வாசிக்கிறீங்க. பாட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே வாசிங்க. உங்களுக்கு மூச்சு வாங்கும் இடத்தில் விரலை எடுங்க. புல்லாங்குழலில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். அந்த டோனில் கார்ட் அடித்தால் உடனே மெஷின் என்று தெரிந்துவிடும். கிட்டார் டோனில் கார்டின் எல்லா நோட்டையும் ஒரே நொடியில் அழுத்தாமல், கீழிருந்து மேலாக மிகச் சின்ன இடைவெளியில் உருட்டுங்க.

பின்னணியையும் குறைக்கணும். ஸ்டைல் வால்யூமை இறக்குங்க. பல்லவிக்கு எளிமையான வேரியேஷன், அடுத்து கொஞ்சம் நிறைவானது என்று மாற்றுங்க. டிரம்ஸ் ஒரே சத்தத்தில் இடித்துக்கொண்டே இருந்தால், வலது கையில் நீங்க காட்டும் நுணுக்கம் எதுவும் கேட்காது.

புதுசு எப்போ தேவை?

உங்க கீபோர்டில் டச் வசதியே இல்லை, பெண்ட் வீலும் இல்லை என்றால் மாற்றுவது நியாயம். கடைக்குப் போனால், ‘எத்தனை டோன் இருக்கு’ என்பதற்கு முன் இந்த மூன்றைக் கேளுங்க: டச் ரெஸ்பான்ஸ், பிட்ச் பெண்ட் வீல், எக்ஸ்பிரஷன் பெடலுக்கான இடம். விலை கூடிய மாடல்களில் இன்னொரு வசதியும் கிடைக்கும். யமஹாவின் ‘சூப்பர் ஆர்ட்டிகுலேஷன்’ டோன்களில், நோட்டுகளைச் சேர்த்து வாசித்தால் ஒரு மாதிரியும், விட்டு விட்டு வாசித்தால் வேறு மாதிரியும் ஒலிக்கும். ஆனால், அங்கேயும் எங்கே சேர்ப்பது, எங்கே விடுவது என்பது உங்க விரல்தான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. ஒரே ஒரு பல்லவி, ஒரே ஒரு டோன், தினமும் 10 நிமிஷம். முதல் நாளும் ஏழாவது நாளும் மொபைலில் ரெக்கார்டு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. இஎம்ஐ வேணுமா, வேணாமா என்பதை அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்!