கடற்பசுவின் உடல்நிலையை அறியும் முறை

ஐக்கிய அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில், மேற்குக் கரையை அடுத்துக் கிரிஸ்டல் ரிவர் என்னும் ஊற்றாறு உள்ளது. அதன் ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் இருக்கும். குளிர்காலத்தில் கடல்நீரின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், மானட்டி எனப்படும் கடற்பசுக்கள் இங்கே நூற்றுக்கணக்கில் வந்து தங்குகின்றன. இது நமது பாக் விரிகுடாவில் வாழும் ஆவுளியாவிற்கு உறவான பிராணியாகும். ஆவுளியா கடலை விட்டு அகலாது. மானட்டியோ ஆற்றுநீரிலும் புகுந்து வாழும்.

இக்கடற்பசுக்களைப் பிடித்துச் சோதித்து விடுவிக்கும் பணியை அந்நாட்டுப் புவியியல் மதிப்பாய்வுத் துறையினர் பிற நிறுவனங்களின் துணையுடன் நடத்தி வருகின்றனர். வலையில் அகப்பட்ட பிராணி கரைக்கு இழுக்கப்படுகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் வேலை முழுவதும் முடிதல் வேண்டும். ஒருவர் மூச்சை எண்ணுகிறார். ஒருவர் இதயத்துடிப்பைக் கவனிக்கிறார். மற்றொருவர் தோல் உலராதபடி நீர் ஊற்றிக்கொண்டேயிருக்கிறார். நீளமும் சுற்றளவும் அளந்தபின் பிராணியைத் தூளியிலிட்டு எடை காண்கின்றனர். வளர்ந்த கடற்பசு 3 மீட்டர் நீளமும் 500 கிலோகிராம் எடையும் உடையதாதலால், இது பலர் கூடிச் செய்யும் வேலையே. முதுகில் விசைப்படகின் சுழலிகள் இட்ட தழும்புகளையும் படமெடுத்துக்கொள்கின்றனர். மனிதன் உண்டாக்கிய காயமே பிராணியை அடையாளங்காண உதவுவது வருந்தத்தக்கது.

முன்துடுப்பின் இரண்டு எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி இரத்தம் எடுக்கப்படுகிறது. பல பிராணிகளில் நோய் கண்டால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் பெருகும். கடற்பசுவிலோ அம்மாற்றம் பெரும்பாலும் தெளிவாகத் தோன்றுவதில்லை. ஆகவே, அழற்சியின்போது மிகும் அமைலாய்டு-ஏ என்னும் புரதத்தையும் அளக்கின்றனர்.

உருண்ட வயிற்றைக் கண்டு பிராணி கொழுத்திருக்கிறது என முடிவு செய்தல் தவறாகும். நீண்ட குடலில் நிறைந்த தாவர உணவே வயிற்றைப் பருக்கச் செய்கிறது. தோலடிக் கொழுப்பின் கனத்தைச் செவிக்குப் புலனாகாத ஒலியலைகளைச் செலுத்தியே அறிதல் வேண்டும். மிக மெலிந்த பிராணியில் மட்டும், தலைக்குப் பின்புறம் பிடரி குழிந்திருப்பதைப் படகிலிருந்தே காணலாம்.

இவ்வளவுகளின் பயன் கிழக்குக் கரையில் புலப்பட்டது. அங்குள்ள இந்தியன் ரிவர் காயலில் கழிவுநீரும் உரச்சத்தும் கலந்து பாசி பெருகிற்று. ஒளி இழந்த கடற்புற்கள் அழிந்தன. புளோரிடாவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,100 கடற்பசுக்கள் மாண்டன. அவற்றுள் பல பட்டினியால் மடிந்தவை. மேற்குக் கரையின் நலமான பிராணிகளிடம் பெற்ற அளவுகள் கைவசம் இருந்தமையால், கிழக்குக் கரைப் பிராணிகளின் மெலிவை ஒப்பிட்டு மதிப்பிட முடிந்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில், கேப் கனாவரல் பகுதியில் மின்நிலையத்தின் வெந்நீர் வெளியேறும் இடத்தில் கூடிய கடற்பசுக்களுக்கு 90 டன்னுக்கு மேற்பட்ட லெட்டூஸ் கீரை அளிக்கப்பட்டது.