ஆழ்வார்பேட்டை மனைக்கும் வாட்டம் உண்டு

கொடைக்கானலிலோ குன்னூரிலோ மனை வாங்குகிறவருக்குச் சரிவைப் பற்றி யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. மனையில் நின்றாலே கால் சொல்லிவிடும். ஆழ்வார்பேட்டையில் ஒரு கிரவுண்டு நிலத்தில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைக்கும் குடும்பத்துக்கு அந்த நினைப்பே வருவதில்லை. ஹால் எந்தப் பக்கம், பூஜையறை எங்கே, இரண்டு கார் நிற்குமா என்றுதான் பேச்சு தொடங்குகிறது. மனை எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பது முதல் ஐப்பசி மழையில்தான் தெரியவருகிறது.

சென்னை கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஏழு மீட்டர் உயரத்தில்கூட இல்லாத ஊர். இங்கே சரிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும். நாற்பதுக்கு அறுபது அடி மனையில் நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம் இருந்தால், முன் எல்லைக்கும் பின் எல்லைக்கும் நடுவே ஏழு அங்குலம் வித்தியாசம் வந்துவிடும். சமையலறைக்குள் தண்ணீர் வர அது தாராளமாகப் போதும்.

இயற்கையான வாட்டத்தோடு மனிதர்கள் உண்டாக்கிய சரிவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் தெருவைவிட இரண்டு மூன்று படி உயர்த்தித்தான் திண்ணை வைத்தார்கள். முற்றத்தில் விழும் மழை ஜலதாரை வழியாகத் தெருவுக்கு ஓடியது. அதன்பிறகு பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை வளர்ந்தது. தடவைக்கு இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும் ஆறு தடவையில் ஓர் அடி. ஏறிப்போன வீட்டுக்குள் இப்போது இறங்கிப்போக வேண்டியிருக்கிறது. வீட்டுத் தண்ணீர் தெருவுக்குப் போன வழியிலேயே தெருத் தண்ணீர் வீட்டுக்கு வருகிறது.

2021 மே மாதம் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அவசியமான உத்தரவுதான். ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட சாலைகள் அப்படியேதான் இருக்கின்றன. அதே ஆண்டு நவம்பர் மழையில் தி.நகரோடு ஆழ்வார்பேட்டை சீத்தம்மாள் காலனியும் தண்ணீரில் நின்றது. தி.நகரின் பெரும்பகுதி 1920களில் பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கியது; தண்ணீர் அங்கே தேங்குவதற்கு வரலாறே காரணம் சொல்லும். பக்கத்துப் பகுதிகளில் ஒவ்வொரு தெருவையும் தனித்தனியாக அளந்து பார்த்தால்தான் காரணம் தெரியும்.

அதனால் அறைகளை வரைவதற்கு முன்னால் மட்டம் எடுக்க வேண்டும். சர்வேயர் ஒரே நாளில் முடித்துவிடுவார். மனையின் நான்கு மூலைகள், நடுப்பகுதி, சாலையின் நடு முதுகு, பக்கத்து வீட்டுத் தரை, தெருவில் இருக்கும் மழைநீர் வடிகாலின் அடிமட்டம், கழிவுநீர் மேன்ஹோல் மூடி ஆகிய எல்லாவற்றையும் அளக்கச் சொல்ல வேண்டும். கொத்தனாரின் டியூப் லெவலாவது ஓடியிருக்க வேண்டும். கண் மதிப்பு இங்கே உதவாது.

இவற்றில் மேன்ஹோல் மூடியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கீழ்த்தளக் கழிப்பறையின் தரை அந்த மூடியைவிடத் தாழ்வாக இருந்தால், பெருமழையில் தெருக் குழாய் நிரம்பும்போது சாக்கடை பின்னோக்கி வந்து வீட்டுக்குள் பொங்கும். எத்தனை விலை உயர்ந்த டைல்ஸ் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது.

பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் வேண்டும்? சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஆழ்வார்பேட்டையில் சாலையின் நடு முதுகிலிருந்து மூன்று அடி வைப்பது நல்லது. இன்னும் முப்பது ஆண்டுச் சாலையை நினைத்துத்தான் இந்தக் கணக்கு.

மூன்று அடி என்று சொன்னவுடன் அடுத்த சிக்கல் வருகிறது. ஆறு அங்குலப் படியாக வைத்தால் ஆறு படிகள். வீட்டில் முழங்கால் வலியோடு பாட்டி இருக்கிறார் என்றால் சாய்தளம் வேண்டும். சக்கர நாற்காலிக்கு ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. மூன்று அடிக்கு 36 அடி. நாற்பது அடி முகப்பில் அதை நேராக வைக்க இடமில்லை. பக்கவாட்டில் விடும் காலியிடத்தை ஒட்டி நீளவாக்கில் கொண்டுபோய், வீட்டின் நடுப்பகுதியில் ஒரு பக்க வாசல் வைத்தால் தீரும். சாய்தளம் அங்கே வரும் என்று முதல் வரைபடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கட்டி முடித்த பிறகு சொருகப் பார்த்தால், குத்தலான ஒரு சிமெண்ட் சரிவுதான் மிஞ்சும்.

மட்ட வித்தியாசத்தைச் சாதகமாக்கிக்கொள்ளவும் முடியும். கார் நிறுத்தும் இடத்தைச் சாலை மட்டத்தில் முன்பக்கம் வைத்து, ஹால், சமையலறை, முதியோர் படுக்கையறை மூன்றையும் பின்பக்கம் மூன்றரை அடி உயரத்தில் ஒரே தரையில் வைக்கலாம். கார் ஷெட்டின் மேல் வரும் அறை, ஹாலிலிருந்து எட்டு ஒன்பது படி உயரத்தில் அமையும். பிள்ளைகள் படிக்க, விருந்தாளி தங்க அது பொருத்தம். வயதானவர்கள் புழங்கும் தரையில் மட்டும் ஒற்றைப் படி எதுவும் கூடாது. அழகுக்காக ஹாலை ஓர் அடி பள்ளமாக்குவது இந்த ஊருக்கு ஒவ்வாத ஆசை.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் கட்டிக்கொண்ட தம் வீட்டில், சரிவை வெட்டிச் சமன் செய்யாமல், அது போகும் போக்கிலேயே அறைகளை வெவ்வேறு மட்டங்களில் வைத்தார். வீட்டின் நீளத்தைச் சரிவுக்குக் குறுக்காக, சம உயரக் கோட்டின் வழியே அமைத்தால் வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் குறையும் என்பது அவர் விடாமல் சொன்ன பாடம். ஏழு அங்குல வாட்டத்துக்கும் அது பொருந்தும்.

நம் ஊரில் இதற்கு நேர்மாறாக, லாரி லாரியாகச் சவுடு மண் கொட்டி மனை முழுவதையும் உயர்த்திவிடுகிறார்கள். மண்ணை அரை அடி, முக்கால் அடி அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசு போடாவிட்டால் இரண்டாம் ஆண்டே தரை இறங்கும். அஸ்திவாரம் கொட்டிய மண்ணைத் தாண்டிப் பழைய கெட்டித் தரை வரை போக வேண்டும். காம்பவுண்டு சுவர் மண்ணைத் தாங்கும் சுவர் அல்ல. தாங்கும்படி கட்டி, நீர் கசியத் துளை விடாவிட்டால் பிதுங்கிச் சாயும். இதையெல்லாம்விட முக்கியமானது பக்கத்து வீடு. நாம் உயர்த்திய மனையின் தண்ணீர் அவர்கள் வாசலில் நிற்கும். வீட்டை மட்டும் உயர்த்தி, சுற்றியுள்ள நிலத்தைப் பழைய மட்டத்தில் விட்டு, அங்கே விழும் மழையை அங்கேயே மண்ணுக்குள் இறக்குவதுதான் நியாயம்.

அதற்கு வழி இருக்கிறது. வாசல் கேட்டின் கீழ்த்தரையைச் சாலையைவிடச் சில அங்குலம் மேடாக்கினால் தெருத் தண்ணீர் உள்ளே வராது. கேட்டுக்கு உள்ளே கம்பி மூடி போட்ட குறுக்குக் கால்வாய் ஒன்று வைத்து, அதைக் கசிவுக் கிணற்றில் சேர்க்கலாம். 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதை எப்படி அமைப்பது என்பதை விளக்கவே மந்தைவெளியில் சேகர் ராகவன் நடத்தும் மழை இல்லம் இருக்கிறது. கிணறு வெட்டும் இடத்தை வாட்டம் காட்டும். வாஸ்து பார்க்கிறவர்கள் விரும்பும் ஈசானி மூலையே தாழ்ந்த மூலையாக அமைந்துவிட்டால் இரண்டு கவலையும் ஒன்றாகத் தீர்ந்தது.

சம்பின் மூடி, மின் மீட்டர், மோட்டார், லிஃப்டின் இயந்திரம் ஆகியவை தண்ணீர் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடியில் பத்திரமாக இருந்தவர்களும் குடிதண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் தவித்தார்கள்.

பழைய வீட்டை இடிக்க மனம் வராதவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, இரும்புச் சட்டம் சொருகி, வரிசையாக ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, அடியில் செங்கல் கட்டுகிறார்கள். சென்னையில் இது சாதாரணமாகிவிட்டது. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் இதில் இறங்கக்கூடாது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் வரைபடத்தில் கையெழுத்திடும் முன் ஆர்க்கிடெக்டிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: சாலையின் நடு முதுகிலிருந்து நம் ஹால் தரை எத்தனை அடி உயரம்? அந்த எண் தாளில் எழுதியிருக்கட்டும்.