கப்பலேற்றப்பட்டவர்கள் – 7: பாக்கி இரண்டு வருடம்

1649 செப்டம்பரில் அயர்லாந்தின் ட்ரொஹிடா நகரம் ஆங்கிலேயப் படையிடம் விழுந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வெற்றியைப் பற்றி படைத்தலைவர் கிராம்வெல், லண்டன் நாடாளுமன்றத்தின் சபாநாயகருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு கோபுரத்தில் பிடிபட்டவர்களை என்ன செய்தோம் என்று அதில் சொல்கிறார்: அதிகாரிகளை அடித்துக் கொன்றாயிற்று, சிப்பாய்களில் பத்துக்கு ஒருவரைக் கொன்றாயிற்று, மிச்சமிருந்தவர்கள் பார்படோஸுக்கு. மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைகூட இதைவிடக் கொஞ்சம் தயங்கி எழுதுவார்.

பார்படோஸ், கிட்டத்தட்ட இன்றைய சென்னை மாநகராட்சி அளவே உள்ள கரீபியத் தீவு. 1640களில் அங்கே கரும்பு வந்தது. காடு வெட்ட, கரும்பு நட, ஆலையில் சாறு காய்ச்ச ஆள் வேண்டும். அயர்லாந்திலோ போர், பஞ்சம், கொள்ளைநோய் மூன்றும் சேர்ந்து, வீடிழந்தவர்களைத் தெருவுக்குத் தள்ளியிருந்தன. போரில் வென்றவர்களுக்கு அவர்கள் தொல்லை, கப்பல் வியாபாரிகளுக்குச் சரக்கு. பிச்சைக்காரர்கள், விதவைகள், அநாதைச் சிறுவர்கள், பாதிரியார்கள் என்று பிடித்து ஏற்ற அரசு உத்தரவு கொடுத்தது. அயர்லாந்தை அளந்து வரைபடம் போட்ட வில்லியம் பெட்டி, நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட சிப்பாய்கள் 34,000 பேர் என்கிறார். இவர்கள் போனது ஸ்பெயின், பிரான்ஸ் போன்ற நாடுகளுக்கு. சிறுவர், பெண்கள், பாதிரியார்கள் 6,000 பேருக்குக் குறையாது என்பது அவர் மதிப்பீடு.

1655இல் ஜமைக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், அங்கே ஆயிரம் ஐரிஷ் பெண்களை அனுப்பலாமா என்று பேச்சு எழுந்தது. பலவந்தமாகத்தான் பிடிக்க வேண்டியிருக்கும், ஆனாலும் அது அவர்களுடைய நன்மைக்கே என்று பதில் எழுதினார் கிராம்வெல்லின் மகன் ஹென்றி. தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எப்போதும் இதைத்தான் சொல்கிறார்கள்.

பிடித்தவர்கள் எல்லோரும் கரும்புத் தோட்டத்துக்கே போகவில்லை. ‘குட்ஃபெல்லோ’ என்ற கப்பல் 1654இல் மாசசூசெட்ஸ் போய்ச் சேர்ந்தது. நல்ல தோழன் என்று பொருள்படும் பெயர். வைத்தவர் கிண்டலாக வைத்திருக்க மாட்டார். அதில் வந்த இரண்டு ஐரிஷ் பையன்களை இப்ஸ்விச் ஊரின் பெரிய மனிதர் சாமுவேல் சைமண்ட்ஸ் வாங்கினார். விலை 26 பவுன். பணமாக அல்ல, தானியமாகவோ கால்நடையாகவோ கொடுக்கலாம். ஒப்பந்தம் ஒன்பது வருடம். அதை எழுதிக்கொண்டவர்கள் கப்பல் தலைவரும் சைமண்ட்ஸும். பையன்களின் கையெழுத்து அதில் இல்லை.

ஏழு வருடம் கழிந்தது. 1661 வசந்த காலத்தில் ஒருநாள் அந்தப் பையன்கள், பிலிப் வெல்ஷ், வில்லியம் டவுனிங் இருவரும், இனி வேலை செய்ய மாட்டோம் என்று எஜமானிடம் சொல்லிவிட்டார்கள். சண்டை போடவில்லை, ஓடிப் போகவுமில்லை. ஏழு வருடம் உழைத்தாயிற்று, அது போதும் என்பதுதான் அவர்கள் வாதம். பார்படோஸில் விற்கப்படும் ஆங்கிலேயர்களுக்குக்கூட இவ்வளவு காலம் கிடையாதே என்றும் கேட்டார்கள். உலக நடப்பு தெரிந்த பையன்கள்!

சைமண்ட்ஸ் நீதிமன்றம் போனார். எங்கள் விருப்பத்துக்கு மாறாக எங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்து விற்றார்கள், எங்களுக்கும் எஜமானுக்கும் இடையே எந்த உடன்படிக்கையும் இல்லை என்று சொன்னார்கள் இருவரும். அதே கப்பலில் வந்த ஜான் கிங் சாட்சி சொன்னார். ஆங்கிலேயச் சிப்பாய்கள் இரவில் தங்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி இழுத்துப் போனார்கள். உற்றாரிடமிருந்து பறித்துவிட்டார்களே என்று அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் இந்த இருவரும் இருந்தார்கள் என்றார். நடுவர் குழு நேரடியாகத் தீர்ப்புச் சொல்லாமல் நழுவியது. கப்பல் தலைவரின் விற்பனை சட்டப்படி செல்லுமென்றால் எஜமான் பக்கம், செல்லாதென்றால் பணியாட்கள் பக்கம் என்றது. செல்லும் என்றது நீதிமன்றம். பாக்கி இரண்டு வருடம்.

இந்த வழக்கில் எனக்கு உறைப்பது தீர்ப்பைவிட அந்தப் பாக்கிதான். திருடிக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள்தான், ஆனாலும் அவர்களுக்கு விடுதலைத் தேதி ஒன்று இருந்தது. நீதிமன்றத்தில் நின்று பேச வாய் இருந்தது. பார்படோஸில் ஆப்பிரிக்கர்களுக்கு இரண்டுமே கிடையாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க அடிமை என்று அங்கே 1636லேயே முடிவாகிவிட்டது. 1661இல் வெள்ளைப் பணியாட்களுக்கு ஒரு சட்டம், கறுப்பு அடிமைகளுக்குத் தனியாக இன்னொரு சட்டம் என்று பிரித்தே எழுதினார்கள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. ஐரிஷ்காரியின் பிள்ளைக்கு அந்த விதி இல்லை. ‘வெள்ளை அடிமைகள்’ என்று இணையத்தில் சுற்றும் பதிவுகள் மறைப்பது இதைத்தான். 1781இல் ஸாங் என்ற அடிமைக் கப்பலிலிருந்து ஆப்பிரிக்கர்களைக் கடலில் தள்ளிக் கொன்ற கொடுமையைக்கூட ஐரிஷ்காரர்களுக்கு நடந்ததாகத் திரித்துச் சொல்லும் பதிவுகள் உண்டு. அயர்லாந்தின் லிமெரிக் நகர நூலகர் லியம் ஹோகன் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மறுத்திருக்கிறார்.

அதற்காக ஐரிஷ்காரர்கள் பட்டது பொய்யாகிவிடாது. 1656இல் பார்படோஸில் கார்னீலியஸ் பிரையன் என்ற ஐரிஷ்காரர் ஒரு தட்டு இறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதில் இருக்கிற இறைச்சி அளவுக்கு ஆங்கிலேய ரத்தம் இருந்தால் அதையும் சாப்பிடுவேன் என்று ஏதோ வயிற்றெரிச்சலில் சொல்லிவிட்டார். யாரோ போட்டுக் கொடுத்தார்கள். வெறும் முதுகில் 21 சவுக்கடி, தூக்கிலிடும் ஆளின் கையால்.

பிரையன் தீவிலேயே தங்கினார், பிழைத்தார், தழைத்தார். முப்பது வருடம் கழித்து மனைவி மக்களுக்கு அவர் எழுதி வைத்த உயிலில் ஒரு பெரிய வீடு, 22 ஏக்கர் நிலம், 11 ஆப்பிரிக்க அடிமைகள். அந்தப் பதினொரு பேருக்கு இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளும் சொத்தில் சேர்த்தி.

பிரையன் தனி ஆள் அல்ல. கரீபியத்தின் இன்னொரு தீவான மான்செராட்டில் 1678இல் எடுத்த கணக்கில் வெள்ளையரில் மிகப் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள். தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தவர்கள் அவர்களில் பலர். 1768 மார்ச் 17, அயர்லாந்தின் காவல் புனிதர் பேட்ரிக்கின் திருநாள். எஜமானர்கள் குடித்துக் கிடப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அன்றைக்கே கிளர்ந்தெழ அந்தத் தீவின் அடிமைகள் நாள் குறித்தார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)